கழுத்தில் கொலர், கையில் உறுதி

கேட்டதும் சொன்னதும்

இந்த முறை நான்கு கடிதங்கள். மாட்டுக்கு ஊசி போட்டுத் திரிந்தவனிடம் அமெரிக்கச் சட்டம் கேட்கிறீர்கள். ஓய்வூதியக்காரனுக்கு வாசிக்க நேரம் இருக்கிறது, அதனால் தப்பித்தேன்.

கேள்வி: ஐயா, என் மகன் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு அப்பிள் பொதி செய்யும் இடத்தில் கணக்கு எழுதுகிறான். அங்கே ‘எல்க்’ என்று ஒரு மிருகத்தின் கழுத்தில் சிக்னல் அனுப்பும் கொலர் பூட்டி விட்டிருந்தார்களாம். அதைப் பழங்குடி வேட்டைக்காரர் ஒருவர் சுட்டுவிட்டாராம். வேலையிடத்தில் ஒரே சண்டை. “எங்களுக்குச் சில நாள்தான் வேட்டைக் காலம், அவர்களுக்கு மாதக்கணக்கு. எங்கள் வரிப்பணத்தில் பூட்டிய கொலரையும் சுட்டுத் தள்ளுகிறார்கள்” என்று வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் கொதிக்கிறார்களாம். யார் பக்கம் நியாயம்? எல்க் என்றால் நம்முடைய மரைதானே? (த. சி., கல்லடி)

முதலில் மரையை முடித்துவிடுகிறேன், தங்கச்சி. எல்க் மரை இல்லை. இங்கே இருந்த வெள்ளைக்காரத் துரைமார் நம்முடைய மரையைக் கண்டுவிட்டு ‘எல்க்’ என்று எழுதி வைத்தார்கள். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் அந்தப் பெயர் கனகாலம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. குழப்பம் அங்கிருந்து வந்தது. அமெரிக்க எல்க்குக்கு அங்குள்ள ஷோனி மக்களின் பேச்சில் வாபிட்டி என்று பெயர், ‘வெள்ளைப் பிட்டம்’ என்று அர்த்தம். நல்ல ஆண் ஒன்று 300 கிலோவைத் தாண்டும். ஒன்று விழுந்தால் ஒரு குடும்பத்துக்கு மாரி முழுவதும் கறி.

இனிச் சண்டை. எங்கள் ஊரில் வளவு விற்கும்போது சிலர் காணி உறுதியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: ‘கிணற்றில் தண்ணீர் அள்ளும் பாத்தியம் விற்பவருக்கும் அவர் சந்ததிக்கும் உண்டு.’ வளவு போய்விடும், கிணற்றுப் பங்கு நிற்கும். பேரன் வாளியோடு வந்தால், வாங்கியவரின் பேரன், “இவன் ஏன் எங்கள் வளவுக்குள் வருகிறான்?” என்று குதிப்பான். உறுதியை எடுத்து வாசித்தால் தெரியும், அந்தப் பங்கு யாரும் இரங்கிக் கொடுத்தது இல்லை. விற்றவன் விற்காமல் தனக்கென்று வைத்துக்கொண்டது.

வாஷிங்டன் கதையும் இதுதான். 1854, 1855 ஆம் ஆண்டுகளில் ஐசக் ஸ்டீவன்ஸ் என்ற ஆளுநர் அங்குள்ள இனக்குழுக்களோடு ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பந்தம் எழுதினார். முதலாவது மெடிசின் கிரீக்கில், 1854 டிசம்பர் 26 இல். அவர்கள் பெருநிலத்தைக் கொடுத்தார்கள். மீன் பிடிக்கும் உரிமையையும், ‘திறந்த, யாரும் உரிமை கோராத நிலத்தில்’ வேட்டையாடும் உரிமையையும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். மீன் விஷயம் நீதிமன்றம் போய், 1974 இல் போல்ட் என்ற நீதிபதி, பிடிக்கக்கூடிய மீனில் பாதி வரை அவர்கள் பங்கு என்று தீர்த்தார். அப்போதும் இதே கொதிப்புத்தான்.

எல்க்குக்கும் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது, ஆனால் அது வயோமிங் மாநிலத்தில். குரோ என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஹெரேரா என்பவர் 2014 ஜனவரியில், மொண்டானாவில் உள்ள தங்கள் ஒதுக்கு நிலத்திலிருந்து எல்க் கூட்டத்தைத் தொடர்ந்து போய், எல்லை தாண்டி பிக்ஹோர்ன் தேசிய வனத்தில் சுட்டுக் கறி கொண்டுவந்தார். வயோமிங் வழக்குப் போட்டது. குரோ மக்களோடு எழுதிய 1868 ஒப்பந்தம் தந்த உரிமை, 1890 இல் வயோமிங் மாநிலம் ஆனவுடனேயே செத்துவிட்டது என்பது அவர்கள் வாதம். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், சாகவில்லை என்று சொன்னது. ஒரு வாக்கில்தான். அந்த வனம் முழுவதும் திறந்த நிலம்தானா, மிருக இனத்தைக் காக்க வேண்டிய அவசியம் வந்தால் மாநிலம் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்விகளைத் திறந்தபடியே விட்டுவிட்டது. ஆகவே அதுவும் எல்லை இல்லாத உரிமை என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் அந்தக் கொலர். இதில்தான் உங்கள் மகனின் வேலையிடத்துக்காரர் விஷயம் விளங்காமல் கத்துகிறார்கள். கொலர் பூட்டுவது மிருகத்தைக் காப்பாற்ற இல்லை. ஒரு கூட்டத்தில் சிலதுக்குப் பூட்டி, அது எங்கே மேய்கிறது, எதனால் சாகிறது என்று பார்த்து, மற்றதும் அப்படித்தான் என்று கணக்குப் போடுவார்கள். பல மணி நேரம் அசையாமல் கிடந்தால் கொலர் வேறு மாதிரிச் சிக்னல் கொடுக்கும், அதிகாரி போய்ப் பார்ப்பார். சிறுத்தை மாதிரி அங்கே கூகர் என்று ஒன்று, அது அடித்ததா, குளம்பு அழுகும் நோயா, துவக்கா? துவக்கு என்றால் அதுவும் ஒரு தகவல். கொலர் போட்டதை மட்டும் எல்லாரும் விட்டுவிட்டு மற்றதைச் சுட்டால், கூட்டம் நன்றாக இருக்கிறது என்று பொய்க்கணக்கு வரும். அதனால்தான் பல இடங்களில், வேட்டைக் காலத்தில் கொலர் போட்டதும் போடாததும் ஒன்றுதான், சுட்டால் கொலரைத் திருப்பித் தாருங்கள், அவ்வளவுதான் என்கிறார்கள்.

நான் பட்டி மாடு பார்த்தவன், எனக்குக் கணக்கு வேறு மாதிரி ஓடும். ஒரு காளை பல பசுவுக்குப் போதும். படம் பிடித்துப் போட்டு ஆட்கள் அழுவது பெரிய கொம்புள்ள ஆணுக்கு. கூட்டத்தைக் குறைப்பது பெட்டைகளின் சாவு. கொம்புக்குச் சண்டை பிடிக்கிறவர்கள் பெட்டை எத்தனை விழுந்தது என்று கேட்பதாகத் தெரியவில்லை.

அந்த மாநிலத்திலேயே நூக்சாக் கூட்டம் என்று ஒன்று. 1980களில் சுமார் 1,700 இருந்தது, 2003 அளவில் 300க்கு வந்துவிட்டது. இனக்குழுக்கள் தாங்களாகவே வேட்டையை நிறுத்தி, மாநிலத்தோடு சேர்ந்து வேறிடத்து எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பல இனக்குழுக்களுக்குச் சொந்த உயிரியலாளர் இருக்கிறார்கள், வேட்டை விதியும் காவலும் இருக்கின்றன. கொலரும் அவர்களே பூட்டுகிறார்கள். இதை உங்கள் மகன் அந்த வேலையிடத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்க்கட்டும். சண்டை பிடிக்க வேண்டாம், வேலை முக்கியம்.

யார் பக்கம் என்று கேட்டீர்கள். உறுதி வைத்திருப்பவன் பக்கம்.

கேள்வி: எங்கள் வாகரைப் பக்கத்திலும் வேடுவர் குடும்பங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் உள்ளதுபோல் இவர்களும் வேட்டை உரிமை கேட்கலாமா? (ஒரு ஆசிரியை, கதிரவெளி)

கேட்கலாம், பிள்ளை. எந்த உறுதியைக் காட்டிக் கேட்பது? இங்கே யாரும் அவர்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதவில்லை. 1937 ஆம் ஆண்டின் இரண்டாம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது, ஒரே சட்டம், எல்லாருக்கும். பிறகு 1983 நவம்பரில் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தம்பானை வேடரின் வேட்டைக் காடும் தேன் காடும் ஒரே நாளில் பூங்காவுக்குள் போனது. பலரைக் ஹெனானிகலைக்கு அனுப்பினார்கள். திசாஹாமி மூப்பர் சில குடும்பங்களோடு போகமாட்டேன் என்று நின்றார். அவருடைய மகன் வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவாவுக்கே போய் ஐ.நா. கூட்டத்தில் பேசினார்.

நம் கரையோர வேடுவர் கதை அந்த அளவுக்கும் வெளியே வரவில்லை. தமிழ் பேசுகிறார்கள், ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள், கூலிக்குப் போகிறார்கள், ஆகவே ‘இவர்கள் இப்போது வேடுவரே இல்லை’ என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். குஞ்சன்குளத்தில் ஒரு மூப்பரின் ஆடுகளுக்கு நான் வருடா வருடம் ஊசி போட்டேன். காசு தரமாட்டார். போத்தலில் தேன் தருவார், அடைத்தது வாழைச்சருகால். குமார தெய்வச் சடங்குக்கு ஒருமுறை கூப்பிட்டார். அன்றைக்கு அவர் வாயில் வந்த சொற்களில் பாதி எனக்கு விளங்கவில்லை. மற்ற நாளில் என்னைவிட நல்ல தமிழ் கதைப்பவர்.

அவருக்குத் துவக்கு கொடுங்கள் என்று நான் எழுத வரவில்லை. அவரே கேட்கவில்லை. தேன் எடுக்கப் போனால் மறிக்காதீர்கள் என்றுதான் சொன்னார். இன்றைக்கு நம் காட்டில் மரை விழுவது வேடுவரின் வில்லுக்கு இல்லை. கட்டுத்துவக்குக்கு விழுகிறது, விளக்கடித்துச் சுடுகிறவனுக்கு விழுகிறது. பன்றிக்குத் தீனிக்குள் மறைத்து வைத்த ஹக்கபட்டாஸ் வெடியைக் கடித்து வாய் கிழிந்த யானைக்குட்டியை நான் கண்டிருக்கிறேன். தண்ணீருக்குள் நின்றது, குடிக்க முடியவில்லை. அந்த இறைச்சி பொதியாகக் கட்டி மோட்டார் சைக்கிளில் எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பிடிபடுகிறவர் மட்டும் பெரும்பாலும் காட்டோரத்து ஏழை.

கேள்வி: யானைக்குக் கொலர் பூட்டினால் வயலுக்கு வராது என்கிறார்களே, உண்மையா? இந்தப் போகமும் எங்களுக்கு ஐந்து ஏக்கர் போனது. (விவசாயி, நாவிதன்வெளி)

கொலர் சங்கிலி இல்லை, தம்பி. அது எங்கே நிற்கிறது என்று சொல்லும், நிற்கவைக்காது.

அம்பாறைப் பக்கம் ஒரு கொம்பனுக்குப் பூட்டியபோது நானும் நின்றேன். மயக்க ஊசி பட்ட யானையின் காதில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை, சூடு ஏறாமல் இருக்க. கொலர் என்றால் நெல் ஆலையில் ஓடும் பெல்ட் மாதிரித் தடித்த பட்டி. மேலே ஜீபீஎஸ் பெட்டி, கீழே பாரம், பெட்டி சரிந்து கழுத்துக்குக் கீழே போகாமல் இருக்க. வளர்கிற ஆணுக்குப் பூட்டினால் கழுத்து பருத்து நெரிக்கும், அதனால் வயது பார்த்துத்தான் பூட்டுவார்கள். மாற்று ஊசி போட்டவுடன் எழுந்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது. நான் வாளியை விட்டுவிட்டு ஓடியதை இவ்வளவு காலம் யாருக்கும் சொல்லவில்லை.

கொலர் சொன்ன உண்மை ஒன்று உங்களுக்கு உதவும். வயலுக்கு வரும் யானையைப் பிடித்து லொறியில் ஏற்றிப் பூங்காவில் விடுங்கள் என்று நாம் எல்லாரும் கேட்கிறோம். அப்படி விட்ட 12 ஆண் யானைகளைக் கொலர் போட்டுத் தொடர்ந்து பார்த்து, 2012 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இரண்டு பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்ற எல்லாம் பூங்காவை விட்டு வெளியேறின. சில பழைய இடத்துக்கே திரும்பின, சில ஊர் ஊராக அலைந்தன. அலைந்ததில் புதிய ஊர்களிலும் பிரச்சினை. உங்கள் யானையை ஏற்றி அனுப்பினால் வேறொருவனின் ஐந்து ஏக்கர் போகும், கொஞ்ச நாளில் அதுவே உங்களிடம் வந்தாலும் வரும். காடு விளிம்பில் மின்வேலி போட்டுப் பலன் குறைவு, அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கும். ஊரைச் சுற்றியும், போகக் காலத்தில் வட்டையைச் சுற்றியும் வேலி போட்டு, அறுவடை முடியக் கழற்றுவது நல்லது. ஆனால் அதற்கு வட்டைக்காரர் எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டும். அது யானையைவிடக் கஷ்டம்.

ஒருமுறை ஒரு அலுவலகத்தில் கேட்டேன்: “இந்தக் கொம்பன் வட்டைக்குக் கிட்ட வந்தால் காவற்பரணில் இருப்பவனுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் என்ன?” உள்ளே இருந்தவர் சொன்னார், “சொன்னால் நீங்கள் போய்ச் சுடுவீர்கள்.” அவர் பயத்திலும் காரணம் இருக்கிறது. சிக்னல் கண்டவனுக்கு யானை இருக்கும் இடமும் தெரியும், அமெரிக்காவிலும் அதே பயம். ஆனால் இரவு முழுவதும் பரணில் பட்டாசுடன் இருப்பவனுக்குத் தெரியக்கூடாத யானை, நூறு மைல் தூரத்தில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பவருக்குத் தெரிகிறது. இடத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டாம். ‘இன்றிரவு உங்கள் பக்கம் விழிப்பாக இருங்கள்’ என்றாவது சொல்லலாமே. கல்லடிக்காரரின் மகன் சொன்ன சண்டையிலும், கொலரின் தகவலை மாநிலமும் இனக்குழுவும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் இடங்களில் சத்தம் குறைவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் மரை இறைச்சி சாப்பிட்டிருக்கிறீர்களா? (குறும்பன், ஆரையம்பதி)

இந்தப் பக்கத்தை வனசீவராசிகள் திணைக்களத்திலும் வாசிப்பார்கள், தம்பி. சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பிட்டேன், அப்போதும் சட்டம் இருந்தது. பெரியப்பாவிடம் உரிமம் உள்ள துவக்கு ஒன்று இருந்தது, கரடியனாற்றுக்கு அப்பால் போவார். அம்மா மிளகு அரைத்துப் போட்டு, பாதியைக் கறியாக்கி, பாதியை அடுப்புக்கு மேலே வத்தல் போடுவா. கொஞ்சம் முடை மணம் இருக்கும், மாட்டிறைச்சியைவிட நார். பெரியப்பா முற்றத்தில் வாழையிலை விரித்துப் பங்கு வைப்பார். தடம் பார்த்துக் கூட்டிப்போன வேடுவருக்கு முதல் பங்கு, தலையும் ஒரு முன்சப்பையும். துவக்குக்காரருக்கு அதற்குப் பிறகுதான். ஒருநாள் நான் அந்தத் தலையைக் கேட்டு அழுதேன், அடி விழுந்தது.