பல்லுக்குப் போவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல் மருத்துவம் முடித்துவிட்டு இப்போது பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தாய்மார்கள் ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கிறார்களா என்று எங்கள் ஊரில் ஆய்வு செய்ய ஆசை. நண்பர்கள் அரதப்பழசு என்கிறார்கள். ஏஐ, பருவநிலை மாற்றம் என்று ஏதாவது எடுக்கச் சொல்கிறார்கள். எப்படியும் 384 பேர் வேண்டும். கூகுள் ஃபாரம் அனுப்பிச் சீக்கிரம் முடித்துவிடலாமா? எந்தத் தலைப்பு நல்லது?

க.

அன்புள்ள க.,

ஏஐ பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பருவநிலை ஐந்து மாதத்தில் மாறாது. ஓ.ஆர்.எஸ்.ஸையே எடுங்கள். தலைப்புப் பஞ்சாயத்து முடிந்தது.

அதென்ன 384? எத்தனை பேரிடம் ஒரு பழக்கம் இருக்கும் என்று தெரியாதபோது, பாதிப்பேர் என்று வைத்துக்கொண்டு, ஐந்து சதவீதம் முன்னே பின்னே போகலாம் என்று கணக்குப் போட்டால் வருகிற எண் அது. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதைக் கௌரவமாகச் சொல்லும் வழி. தேசியக் குடும்பநல ஆய்வு ஓ.ஆர்.எஸ். கணக்கை மாநிலவாரியாக வெளியிடுகிறதே, அதைப் புரட்டிப் பார்த்தீர்களா? கூகுள் ஃபாரம் இன்னும் மோசம். பேதியாகித் துவண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எந்தத் தாய் உங்கள் லிங்கைத் தட்டுவாள்? நிரப்பப்போவது உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் தோழிகள். அவர்களில் பாதிப்பேருக்குக் குழந்தையே இருக்காது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் செய்த தப்பு இதைவிடப் பெரிது.

இருபத்துநாலு வயதில் ஒரு சுகாதார ஆய்வுக்காக வீடுவீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வியை வாசித்தேன்: 'கடந்த இரண்டு வாரங்களில் தங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதா?' முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அந்தம்மா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றாள். 'இல்லை'யில் டிக் போட்டேன். அடுத்த கேள்விக்குப் போவதற்குள் வாசற்படியில் தவழ்ந்த பிள்ளை தண்ணீராகக் கழிந்தது. எழுந்துபோய் அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து தூவி அள்ளினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். என்னம்மா இது என்றேன். "பல்லு முளைக்குதுல்ல, நாலு நாளா இப்படித்தான் பல்லுக்குப் போவுது."

அவள் பொய் சொல்லவில்லை. பல்லுக்குப் போவது அவள் கணக்கில் நோயே இல்லை. பல்லுக்கும் பேதிக்கும் சம்பந்தமில்லை என்று பல் மருத்துவரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் டிக்கை மாற்றவில்லை. அடித்துத் திருத்தினால் சூப்பர்வைசர் படிவத்தைத் தள்ளிவிடுவார், கூலி போய்விடும். 'இல்லை' என்றே அது எங்கோ ஒரு சதவீதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

லண்டன் பிராட் தெரு காலராவை வகுப்பில் நடத்தியிருப்பார்கள். தெருப் பம்புத் தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று சொன்ன மருத்துவர் ஜான் ஸ்நோவின் வரைபடம், 1854 செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றியது எல்லாம். ஹென்றி ஒயிட்ஹெட்டைச் சொன்னார்களா? அந்தப் பகுதியின் உதவிப் பாதிரியார். ஸ்நோ சொல்வது தப்பென்று காட்டத்தான் விசாரிக்கக் கிளம்பினார். போன வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போனார். 1855இல் இறப்புப் பதிவேட்டில் 40ஆம் எண் வீட்டுக் கைக்குழந்தை ஒன்று அவர் கண்ணில் பட்டது. காலரா என்று எழுதியிருக்கவில்லை. வயிற்றுப்போக்கு, அதனால் சோர்வு. தாயிடம் போய்க் கேட்டார். பிள்ளையின் துணியை அலசிய தண்ணீரை வீட்டுக் கழிவுக்குழியில் கொட்டியதாகச் சொன்னாள். தோண்டிப் பார்த்தால் குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை. ஸ்நோ பம்பைப் பிடித்தார். அதில் நோய் எப்படி வந்தது என்பது இந்தத் தாயிடம் இருந்தது. பதிவேட்டில் அதுவும் வெறும் வயிற்றுப்போக்குதான்.

சரி. எத்திக்ஸ் கமிட்டிக்கு இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள், அங்கே இழுக்கும். அதுவரை கையில் படிவமே இல்லாமல் கிராம சுகாதார செவிலியரோடு பத்து வீட்டுக்குப் போய்வாருங்கள். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்கிறோமே, அதை எந்தச் சொம்பில் அளக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். பல்லுக்குப் போவதை உங்கள் ஊரில் என்னவென்று சொல்கிறார்கள்?