கை ஆடுகிறது, பார்க்க வேண்டியது இதயத்தை

கேள்வி: நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவள். மகளுக்கு 11 வயது. ஒரு மாதமாக அவளுடைய வலது கையும் காலும் தானாக ஆடுகின்றன, முகம் கோணுகிறது. டம்ளரைக் கீழே போடுகிறாள். எழுத்து கோழி கிண்டினதுபோல் ஆகிவிட்டது. சும்மா சும்மா அழுகிறாள். டீச்சர் சேட்டை என்கிறார். மாமியார் கண்ணேறு என்று கயிறு ஓதிக் கட்டிவிட்டார். தூங்கும்போது ஆட்டமே இல்லை. நடிக்கிறாளோ?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: நடிப்பு இல்லை அம்மா. இந்த மாதிரி ஆட்டங்கள் தூக்கத்தில் அடங்கிவிடும். பதற்றப்பட்டால், திட்டு வாங்கினால் கூடும். அழுகையும் இதோடு சேர்ந்ததுதான்.

படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது 'சிடென்ஹாம் கொரியா'. தாமஸ் சிடென்ஹாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1686-லேயே எழுதி வைத்த நோய். பள்ளி வயதில், பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும்.

நாலைந்து மாதத்துக்குள் பிள்ளைக்குத் தொண்டைவலி வந்து போனதா? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியாக இருந்தால், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ஆள் தெரியாமல் மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியையே தாக்கிவிடும். இதய வால்வையும் விடாது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். சிடென்ஹாம் கொரியா அதன் ஒரு வடிவம். கை ஆட்டம் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும். வால்வில் விழுந்த தழும்பு அப்படிப் போகாது. என் கவலை அதில்தான்.

அதனால் தள்ளிப்போடாமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். டாக்டர் தன் விரல்களைப் பிடிக்கச் சொல்வார். இந்த நோய் உள்ள பிள்ளையின் பிடி பால் கறப்பதுபோல் இறுகித் தளரும். நாக்கை நீட்டினால் நிற்காமல் உள்ளே ஓடும். வேறு நோய்களிலும் கை கால் ஆடும் என்பதால் ரத்தமும் பார்ப்பார்கள். தொண்டைக் கிருமிக்கான ரத்தச் சோதனை 'நார்மல்' என்று வந்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். ஆட்டம் தொடங்குவதற்குள் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளின் அளவு இறங்கியிருக்கலாம். இதயத்துக்கு எக்கோ என்ற ஸ்கேன் கட்டாயம் எடுக்க வேண்டும்.

நோய் இதுதான் என்று உறுதியானால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல வருடங்களுக்கு. இடுப்பில் போடுவார்கள், நன்றாகவே வலிக்கும். ஆட்டம் நின்றுவிட்டதே என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். மறுபடி தொண்டையில் கிருமி வந்தால் வால்வுக்கு அடுத்த அடி விழும். ஆகவே தேதி தப்பக்கூடாது. கயிறு கையில் கிடந்தால் கிடக்கட்டும், அதற்காக மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

டாக்டர் சீட்டை டீச்சரிடம் காட்டி, எழுத்து வேலையைக் கொஞ்ச நாள் குறைக்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் டீயைப் பாதி டம்ளர் மட்டும், சூடு ஆற்றிக் கொடுங்கள்.