எல்கேஜி பொங்கல் ப்ராஜெக்ட்: கடையில் வாங்கவே வாங்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. தண்டையார்பேட்டையில் எல்கேஜி படிக்கிறான். பொங்கல் லீவு முடிந்து வரும்போது ஒரு பொங்கல் மாடல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் 450 ரூபாய்க்குச் செய்தே தருகிறார்களாம். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் 'பண்டிகை ஆக்டிவிட்டி கிட்' 799 ரூபாய் என்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். எதை வாங்கலாம்? வாங்காவிட்டால் பின்தங்கிவிடுவானா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். பின்தங்க மாட்டான்.

முதலில் அந்தக் கடை. தெர்மாகோல் குடிசை, கலர் பேப்பர் கரும்பு, மேலே ஜிகினா, எல்லாம் அழகாக இருக்கும், அதில் உங்கள் பையனின் விரல் ஒரு இடத்தில்கூடப் பட்டிருக்காது. டீச்சருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஷெல்ஃபில் வைத்து போட்டோ எடுத்து குரூப்பில் போடுவார்கள், மறு வாரம் குப்பைக்குப் போகும். 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது, மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்றே சொல்கிறது. ஒன்றாம் வகுப்புக்கே வேண்டாம் என்றால் எல்கேஜி குழந்தைக்கு ப்ராஜெக்ட் எங்கிருந்து வந்தது? கேட்டால் 'ஆக்டிவிட்டி' என்று பெயரை மாற்றிச் சொல்வார்கள். சரி, அந்தச் சண்டையை நீங்கள் ஒருவர் போட முடியாது, விடுங்கள்.

வாட்ஸ்அப் கிட் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே. பெட்டி மேல் 'மாண்டிசோரி' என்று ஒரு கல்வி முறையின் பெயரைப் போட்டிருக்கும். மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்தில் கூலித் தொழிலாளிகள் வாழ்ந்த பகுதியில்தான் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த முறையில் சின்னக் குழந்தைகள் செய்வது தண்ணீர் ஊற்றுவது, தானியம் அள்ளுவது, பெருக்குவது, துடைப்பது. அதாவது பொங்கலுக்கு முந்தின வாரம் உங்கள் வீட்டில் நடக்கிற அதே வேலைதான். அதைப் பிளாஸ்டிக் கப்பில் போட்டு 799 ரூபாய்! உள்ளே இருக்கிற சார்ட், பசை, பேப்பரெல்லாம் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவிலும் பந்தர் தெருவிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

காசு போனால்கூடப் பரவாயில்லை. இப்படிப்பட்ட பல கிட்டுகளில் மினுக்மினுக்கென்று எரியும் குட்டி அகல் விளக்கு ஒன்று வரும். அதற்குள் இருப்பது பட்டன் பேட்டரி. மூடி திருகாணி இல்லாமல் நகத்தாலேயே திறக்கிற மாதிரி இருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் புண்ணாக்கிவிடும். வாழைப்பழம் கொடுத்து இறக்கிப் பார்ப்பது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். சந்தேகம் இருந்தாலே நேராக ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ ஓடுங்கள். தெர்மாகோல் உருண்டை, பாசிமணி இதெல்லாமும் மூக்குக்குள் போகிற சாமான்தான். இதையெல்லாம் பெட்டி மேல் எவனும் எழுதுவதில்லை.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். உங்களுக்கு நேரமில்லை என்பதால் தனியாக எதுவும் சொல்லப்போவதில்லை, நீங்கள் எப்படியும் செய்யப்போகிற வேலையில் அவனைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

கோலம்தான் இருப்பதிலேயே பெரிய விஷயம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து மாவைக் கிள்ளி எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது இல்லையா, நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் அதே மூன்று விரல்தான். பையன்தானே, கோலம் எதற்கு என்று பாட்டி சொன்னால் காதில் வாங்காதீர்கள். கடையில் விற்கிற கல்மாவும் கலர்ப்பொடியும் வேண்டாம், வாயில் வைப்பான், அரிசி மாவே போதும். ஆனால் கோடு போடச் சொல்லாதீர்கள், நாலு வயதுக்கு வராது, அழுவான். நீங்கள் மூன்றுக்கு மூன்று புள்ளி வையுங்கள், அவன் ஒவ்வொரு புள்ளி மேலும் ஒரு பாட்டில் மூடி வைத்துக்கொண்டே 'ஒண்ணு, ரெண்டு' என்று சொல்லட்டும். வாயில் வருகிற எண்ணும் கையில் இருக்கிற பொருளும் ஒன்றாக நகர்வதுதான் எண்ணிக்கை, நூறு வரை மனப்பாடமாக ஒப்பிப்பது வேறு. கரும்பு வாங்கி வந்தால் கணுக்கணுவாகத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். அரிசி அளக்கும்போது ஆழாக்கை அவன் கையில் கொடுத்துவிடுங்கள், எட்டு ஆழாக்கு கொட்டினால் படி நிறையும். கீழே சிந்தினால் அவனே அள்ளட்டும். போகி மேளம் வாங்கிக் கொடுத்திருந்தால் நீங்கள் மூன்று தட்டு தட்டுங்கள், அவன் அதே மூன்று தட்டிவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் கஷ்டம். டயர் எரிக்கிற தெருவில் மட்டும் நிற்க வைக்காதீர்கள், நம் ஏரியா காற்றே போதும்.

பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில குழந்தைகளுக்கு மாவு, பசை கையில் பட்டாலே ஆகாது, கையை உதறிக் கத்துவார்கள், உடனே கழுவச் சொல்வார்கள். அது அடமும் இல்லை, செல்லம் கொடுத்ததும் இல்லை. அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்தாதீர்கள். முதலில் ஒரு கிண்ணத்தில் உலர்ந்த அரிசியும் கரண்டியும் கொடுங்கள். பிறகு கரண்டி இல்லாமல் அரிசி, அப்புறம் ரவை, கடைசியில் மாவு. பக்கத்தில் ஒரு ஈரத்துணி வைத்து, வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். வாரக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். ஆனால் மாவு மட்டுமில்லாமல் சட்டைக் காலர், முடிவெட்டு, மிக்ஸி சத்தம், சாப்பாட்டில் ஒரே ஒரு வகை என்று எல்லாவற்றிலும் இப்படியே இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். வயசானால் சரியாகும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வருஷத்தை ஓட்டாதீர்கள்.

பள்ளிக்கு என்ன கொடுத்தனுப்புவது? ஒரு கறுப்புச் சார்ட் வாங்குங்கள். கொஞ்சம் மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் காய்ச்சினால் பசை தயார். நீங்கள் பென்சிலால் ஒரு பானை வரைந்து கொடுங்கள், அவன் விரலால் பசை தடவி மேலே அரிசி மாவைத் தூவட்டும். கோணல்மாணலாகத்தான் வரும், நீங்கள் கை வைத்துத் திருத்தாதீர்கள். பின்பக்கம் 'இதை அவனே செய்தான்' என்று எழுதி உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். நீட்டாக இல்லை என்று டீச்சர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள், எல்கேஜியில் இதற்கு மார்க் கிடையாது. ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள் சுருட்டாமல் அட்டை மேல் தட்டையாக வைத்து எடுத்துப்போங்கள், சுருட்டினால் மாவெல்லாம் ஆட்டோவிலேயே உதிர்ந்துவிடும்.