பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகச் சிஸ்டர்களிடம் போகலாமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பக்கத்து வீட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலைக்கு இருக்கிறாள். எட்டு மாதமாகச் சம்பளம் கைக்கு வரவில்லை என்று துணி காயப்போடும்போது வேலி ஓரமாக என் மருமகளிடம் சொல்லி அழுதாளாம். பேசிய சம்பளம் 1,500 வெள்ளி (ரிங்கிட்). பாஸ்போர்ட் முதலாளியம்மாவிடம். கோயிலில் ஒருவர், 'கன்னியாஸ்திரிகளிடம் போங்கள், இந்த மாதிரி விஷயமெல்லாம் பார்ப்பார்கள்' என்றார். நாங்களும் இந்து, அவளும் இந்து. போகலாமா? மதம் மாறச் சொல்வார்களா? அவர்களால் என்னதான் செய்ய முடியும்? அதுவரை அவளை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?"

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவளை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டாம். மனசு கேட்காது, தெரியும். எனக்கும் கேட்கவில்லை. பினாங்கில் சிஸ்டர்களோடு சேர்ந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவ ஆரம்பித்த புதிதில், இதே மாதிரி அழுத ஒரு பெண்ணை ராத்திரியோடு ராத்திரியாக என் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையே முதலாளி போலீசுக்குப் போய், வேலைக்காரி ஓடிவிட்டாள் என்று ரிப்போர்ட் கொடுத்தார். பெர்மிட் ரத்தானது. சம்பளம் கேட்டு வழக்குப் போட வேண்டியவள், இமிகிரேஷனுக்குப் பயந்து ஒளிய வேண்டியவள் ஆகிவிட்டாள். வர வேண்டிய பணத்தில் பாதிகூட வாங்காமல் ஊர் திரும்பினாள். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து நான்தான் அதைக் கெடுத்தேன்.

உங்களுக்கும் ஆபத்து உண்டு. பெர்மிட் இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவருக்கு இடம் கொடுத்தால் குடிநுழைவுச் சட்டத்தில் 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் இருக்கிறது, சிறையும் இருக்கிறது. ஆனால் அவளை அடிக்கிறார்கள், பூட்டி வைக்கிறார்கள், சாப்பாடு போடுவதில்லை என்றால் எதற்கும் காத்திருக்காதீர்கள். உடனே 999. இல்லையென்றால் 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண். அதை 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இப்போது சிஸ்டர்கள். தாராளமாகப் போகலாம். மதம் மாறச் சொல்வார்களா என்ற கேள்வி நியாயமானது, அதைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. நான் பார்த்த அளவில் அப்படி ஒரு பேச்சே வந்ததில்லை. ஒருமுறை ஒரு பெண் தன் பையைக் கொட்டிக் காகிதம் தேடியபோது, உள்ளேயிருந்து சமயபுரத்துத் திருநீறு பொட்டலம் ஒன்று விழுந்து பாதி சிந்திவிட்டது. அவள் பதறிப்போனாள். எதிரே இருந்த சிஸ்டர் சிந்தியதை ஒரு தாளில் வழித்து எடுத்து, மடித்து, பெர்மிட் நகலோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, "இது ரெண்டையும் தொலைச்சிடாதம்மா" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறந்து முழுக் கதையும் சொன்னாள்.

சிஸ்டர்கள் என்றால் எல்லோரும் ஒரே வேலை செய்பவர்கள் இல்லை. நாம் பொதுவாகக் கன்னியாஸ்திரி என்கிறோம். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அருட்சகோதரி என்பார்கள், பேச்சில் சிஸ்டர். ஒவ்வொரு சபைக்கும் அதற்கென்று ஒரு பணி உண்டு. பாத்து லஞ்சாங்கில் முதியோர் இல்லம் நடத்தும் ஏழைகளின் சிறிய சகோதரிகளிடம் பாஸ்போர்ட் விவகாரத்தைக் கொண்டுபோனால், சரியான ஆளைக் காட்டித்தான் அனுப்புவார்கள். லைட் ஸ்திரீட் கான்வென்ட் சிஸ்டர்களை உங்கள் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை இயேசு சபையைச் சேர்ந்த அவர்கள் 1852-இல் பினாங்குக்கு வந்து, படிப்பு சொல்லிக் கொடுத்ததோடு அநாதைக் குழந்தைகளையும் வளர்த்தவர்கள். நல்லாயன் சபை 1835-இல் பிரான்சில் தொடங்கியபோதே துன்பத்தில் மாட்டிக்கொண்ட பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்றே தொடங்கியது. உங்கள் பக்கத்து வீட்டு விஷயத்துக்கு நெருக்கமானவர்கள் அவர்கள்தான். பெட்டாலிங் ஜெயாவில் 1954-இல் அசுந்தா மருத்துவமனையை ஆரம்பித்தவர்கள் மரியாவின் பிரான்சிஸ்கன் சபைச் சகோதரிகள். அந்தச் சபை உலகமெங்கும் பரவியிருக்கிறது, ஆனால் 1877-இல் அது பிறந்த இடம் நம் ஊட்டி. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

வெள்ளை அங்கியும் முக்காடும் தேடாதீர்கள். பலர் சாதாரணப் பாவாடை சட்டையில், கழுத்தில் சின்னச் சிலுவையோடு இருப்பார்கள்.

அநாதைக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து என்று இருந்தவர்கள் லேபர் ஆபீஸ் வரை ஏன் வருகிறார்கள் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. 1971-இல் ரோமில் கூடிய கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்கள்) மாமன்றம், நீதிக்காகப் பாடுபடுவது நற்செய்தி அறிவிப்பின் பிரிக்க முடியாத பகுதி என்று எழுதி வைத்தது. அதை மனதில் வாங்கிக்கொண்ட சபைகள், ஒருத்திக்குச் சோறு போட்டபின் அவளுக்கு ஏன் சோறு இல்லாமல் போனது என்றும் கேட்க ஆரம்பித்தன. 2009-இல் ஆள் கடத்தலுக்கு எதிராகத் தலித்தா கும் என்ற பெயரில் துறவற சபைகளின் உலக வலையமைப்பே உருவானது. பிப்ரவரி 8-ஐ இதற்கான செப நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அது சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு, பிறகு சிஸ்டரான புனித ஜோசப்பின் பக்கித்தாவின் திருநாள்.

சரி, என்ன செய்வார்கள்? கூட வருவார்கள். நான் பார்த்தவரை முக்கால்வாசி வேலை அதுதான். கதவை உடைத்து யாரையும் மீட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அது போலீசும் தொழிலாளர் இலாகாவும் செய்ய வேண்டியது. சிஸ்டர் வழக்கறிஞரும் இல்லை. முதலில் "சாப்பிட்டியா?" என்று கேட்பார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தேதி வாரியாக எழுதுவார்: என்றைக்கு வந்தாள், யார் கூட்டி வந்தது, எவ்வளவு பேசியது, கடைசியாகக் காசு கைக்கு வந்தது எப்போது, யார் முன்னால். சிஸ்டர் எழுதித் தரும் அந்த இரண்டு பக்கம் இருந்தால் லேபர் ஆபீசில் அதிகாரி கேட்கிற கேள்விக்கு அவள் தடுமாறாமல் பதில் சொல்வாள். மலாய் தெரியாதவளுக்கு மொழிபெயர்க்க ஆள் பிடிப்பார்கள். இந்தியத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். தங்க இடம் வேண்டுமென்றால், சட்டப்படி எங்கே தங்க வைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பள ஆணை பொருந்தாது; ஆனாலும் பேசிய சம்பளத்தைக் கொடுக்காமல் இருக்க முடியாது. எட்டு மாதத்துக்கு 12,000 வெள்ளி. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட்டைப் "பத்திரமா வச்சிருக்கேன்" என்பார்கள். சட்டப்படி அதிகாரமில்லாமல் இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தில் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, இடத்தை விட்டு வெளியே போகவும் விடாமல் தடுத்தால் அது கட்டாய உழைப்பு. அதற்கு 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் தனிப் பிரிவே வந்திருக்கிறது. 100,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். புகார் போகிறது என்று தெரிந்ததும் முதலாளி வீட்டிலிருந்து "சமாதானமா போயிடலாம்" என்ற பேச்சு வரும். சிஸ்டர்கள் சமாதானத்துக்காகப் பாடுபடுபவர்கள்தானே, உடனே ஒத்துக்கொள்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். விவரம் தெரிந்த சிஸ்டர் அப்படி ஒத்துக்கொள்ள மாட்டார். டிக்கெட்டும் 2,000 வெள்ளியும் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி, அன்றைக்கே ஏர்போர்ட்டில் ஏற்றிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயரும் சமாதானம்தான். பேசித் தீர்ப்பதில் தவறில்லை. ஒரே தெருவில் இருக்கும் உங்களுக்கும் அது நல்லது. ஆனால் தொகை எவ்வளவு, என்றைக்குக் கைக்கு வருகிறது, ஏஜென்ட் காசு என்று எவ்வளவு பிடிக்கிறார்கள், அதற்குக் கணக்கு எங்கே, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். தொழிலாளர் அதிகாரி முன்னால் வர வேண்டும். அவள் படித்துப் புரிந்துகொண்டபின் கையெழுத்துப் போட வேண்டும்.

இதைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். வேலி வழியாக வீடியோ எடுக்காதீர்கள். அவள் பெயரும் முகமும் வெளியே வந்தால் ஊரில் அவள் குடும்பத்தைத்தான் ஏஜென்ட் முதலில் மிரட்டுவான். உங்களுக்கும் வழக்கு வரலாம். 1991-இல் கோலாலம்பூரில் பெண்களுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உதவும் தெனாகனிதா அமைப்பைத் தொடங்கிய ஐரீன் பெர்னாண்டஸ், வெளிநாட்டுத் தொழிலாளர் தடுப்பு முகாம்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டதற்காக 1996-இல் கைதாகி, 2008-இல்தான் வழக்கிலிருந்து விடுதலையானார். ஒரு அமைப்பும் வழக்கறிஞர்களும் பின்னால் இருந்தும் அவருக்கே 12 வருடம் பிடித்தது.

எங்கே போவது? உங்கள் பக்கம் புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன்ஸ் தேவாலயம், பெரி ஏறி வந்தால் ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஸ்திரீட் செயிண்ட் பிரான்சிஸ் சேவியர் கோயில். இது தமிழ்க் கத்தோலிக்கர் கோயில், தமிழிலேயே பேசலாம். ஆலய அலுவலகத்தில், வெளிநாட்டுத் தொழிலாளர் விஷயம், மறைமாவட்ட (ஆயரின் நிர்வாகத்தில் உள்ள) மனித மேம்பாட்டு அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கிருந்து சிஸ்டரிடமோ பொறுப்பாளரிடமோ சேர்த்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக் கூட்டத்தில் போகாதீர்கள், வார நாளில் போங்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை உங்கள் மருமகள்தான் செய்ய வேண்டும். அந்தப் பெண் நம்பிப் பேசியது அவளிடம்தான். முதலாளியம்மா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டுமா, வேறு வீட்டுக்குப் போக வேண்டுமா, ஊருக்குப் போக வேண்டுமா, இல்லை இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாமா. எதைச் சொன்னாலும் அதை அப்படியே சிஸ்டரிடம் சொல்லுங்கள், நம் ஆசையைச் சேர்க்க வேண்டாம். வேலை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட்டின் பெயர், அவள் இங்கே இறங்கிய தேதி, ஊரில் அவள் நம்பும் ஒருவருடைய போன் நம்பர், இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு போனால் போதும்.