டிரெய்லரின் மின் பிரேக்: கேள்விகளும் பதில்களும்

தேக்குத் தூண் ஏற்றுபவர்கள், காளை கொண்டு செல்பவர்கள், படகு இழுப்பவர்கள் எனப் பலரும் அனுப்பிய கேள்விகளுக்கு, காரைக்குடியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து: தூண், கதவு ஏற்றும் என் டிரெய்லரில் பிரேக் ஒரு நாள் பிடிக்கிறது, மறுநாள் பிடிப்பதில்லை. சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூக்கள் புதியவை. எங்கே கோளாறு?

ஷூ நன்றாக இருந்தும் பிரேக் இப்படி விட்டுவிட்டுப் பிடித்தால், மின்சாரம் போய் வரும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இழுக்கும் வண்டியில் ஓட்டுநர் பக்கம் இருக்கும் பிரேக் கண்ட்ரோலர் அனுப்பும் மின்சாரம் டிரம்முக்குள் இருக்கும் காந்தத்துக்குப் போனதும், அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி, அதனோடு சற்றே இழுபட்டு, தன் நெம்புகோலால் ஷூக்களை விரிக்கிறது. மின்சாரம் குறைந்தால் பிடிப்பும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். 10, 12 அங்குல டிரம்மின் காந்தம் ஒன்று 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். வயரைச் சுற்றிக் கவ்வி டி.சி. மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பிரேக் வயரில் மாட்டி, கண்ட்ரோலரின் கைவிசையை முழுவதும் அழுத்துங்கள். இரண்டு சக்கரத்துக்கு 6 ஆம்பியர் அளவிலாவது காட்ட வேண்டும்.

அதற்கு மிகவும் குறைவாக இருந்தால், பெரும்பாலும் எர்த்தில்தான், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில்தான், குறை இருக்கும். எர்த்துக்குத் தனி வயர் இழுக்காமல் பின்கொக்கியின் இரும்புத் தொடர்பையே நம்பி விட்டிருப்பார்கள். அதில் கிரீஸும் நம் ஊர்ச் செம்மண் புழுதியும் படிந்துவிட்டால் தொடர்பு ஒரு குலுக்கலில் சேரும், மறு குலுக்கலில் விடும். டிரெய்லர் சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டி, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக்கி, அங்கிருந்து பிளக் வழியாக வண்டி பேட்டரியின் மைனஸ் வரை கனமான வயர் இழுத்துவிடுங்கள். அச்சுக் குழாய்க்குள் ஓடும் வயரையும் வெளியே இழுத்துப் பாருங்கள். குழாயின் விளிம்பில் உரசி, மேலுறை கிழிந்து, செம்புக் கம்பி தெரியும் நிலையில் அது இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து: இதே மாதிரி 12 வோல்ட் பிரேக் உள்ள டிரெய்லரை 24 வோல்ட் லாரியில் மாட்டலாமா?

நேரடியாக மாட்டவே கூடாது, 12 வோல்ட் காந்தம் சூடேறிக் கருகிவிடும். 24 வோல்ட் வண்டியில் பொருத்தி 12 வோல்ட் பிரேக்கை இயக்குவதற்கென்றே செய்யப்பட்ட கண்ட்ரோலர் வேண்டும்.

திருப்பத்தூரிலிருந்து: சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளையைக் கொண்டு போகிறோம். கண்ட்ரோலரில் எவ்வளவு வைப்பது?

காளையை ஏற்றுவதற்கு முன்பே, அதே எடைக்கு மூட்டைகளை ஏற்றி, போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் கைவிசையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். சக்கரம் உருளாமல் தேயும் நிலை வரை படிப்படியாகக் கூட்டி, அதிலிருந்து சற்றுக் குறைத்து வைப்பதே சரியான அளவு. காளையை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு திரும்பும்போது இன்னும் குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நேரக் கணக்கில் பிரேக்கை ஏற்றும் கண்ட்ரோலரைவிட, வண்டியின் வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்பப் பிடிக்கும் கண்ட்ரோலரையே உங்களுக்குச் சொல்வேன். நின்றுகொண்டு வரும் உயிர், திடீரென்று பிடித்தால் முழங்கால் மடிந்து விழும்.

கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி: கொக்கி கழன்றால் பிரேக் தானாகப் பிடிக்கும் என்று மகன் சொல்கிறான். நம்பலாமா?

நம்பலாம், ஆச்சி, ஆனால் டிரெய்லரில் உள்ள சிறிய பேட்டரியில் சார்ஜ் இருந்தால்தான் அது நடக்கும். டிரெய்லரில் உள்ள ஒரு சுவிட்சில் ஊசி செருகியிருக்கும், அதை ஒரு கம்பி வண்டியோடு இணைத்திருக்கும்; டிரெய்லர் பிரிந்தால் கம்பி இழுத்து ஊசி கழலும், அந்தப் பேட்டரி பிரேக்கைப் பிடிக்கும். அமெரிக்க விதிப்படி இந்தப் பிடிப்பு 15 நிமிடமாவது நிற்க வேண்டும். மாதக் கணக்கில் கொட்டகையில் கிடக்கும் டிரெய்லரில் பேட்டரி இறங்கியிருக்கும் என்பதால், கிளம்பும் முன் பிளக்கைக் கழற்றி, ஊசியை உருவி, மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததும் ஊசியைத் திரும்பச் செருகிவிட வேண்டும். கம்பியை வண்டியின் சட்டத்தில் மாட்ட வேண்டுமே தவிர, பாதுகாப்புச் சங்கிலியிலோ கொக்கியிலோ அல்ல.

தொண்டிக்குப் படகு இழுப்பவர்: கடலில் சக்கரம் மூழ்கினால் கெடுமா?

கெடும். உப்புநீர் காந்தத்தையும் டிரம்மின் முகத்தையும் அரித்துவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் டிரம்மின் உட்புறம் வரை அலசினால் அரிப்பு சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். படகை அடிக்கடி கடலில் இறக்குவதாக இருந்தால், உப்புநீருக்கென்று செய்த ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறிவிடுங்கள்.