பர்டூ இந்த முறையாவது கோப்பையைத் தூக்குமா?

கேள்வி: 2025-26 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சீசனில் பர்டூ பல்கலைக்கழக அணியின் வாய்ப்பு எப்படி? சீசன் தொடங்கும் முன்பே ஏபி பட்டியலில் (பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் தரவரிசை) முதலிடம் கொடுத்துவிட்டார்களே, நம்பலாமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பர்டூ இருக்கும் வெஸ்ட் லாஃபயெட்டில் படித்தவன். எங்கள் மேக்கி அரங்கின் மாணவர் பகுதியில் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அதனால் கீழே உள்ளதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள். ஏபி பட்டியல் வந்த கையோடு, அக்டோபர் 2025-ல் எழுதுகிறேன்.

என் கணிப்பு இதுதான்: பர்டூ ஆடும் பிக் டென் லீக்கில் முதல் இரண்டு இடங்களுக்குள் வருவார்கள். கடைசி நால்வரில் ஒருவராக நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கோப்பை என்றால், பத்துக்கு ஒன்று அல்லது அதைவிடக் கொஞ்சம் மேல். மார்ச்சில் தொடங்கும், 68 அணிகள் மோதும் தேசியப் போட்டியில், ஒரே ஒரு தோல்வியில் மூட்டை கட்ட வேண்டிய இடத்தில், இது பெரிய எண்தான். ஆனால் எல்லோரும் பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பிரேடன் ஸ்மித்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த சீசனின் தலையெழுத்து அவர் கையில் இல்லை, வளையத்துக்கு அடியில் நிற்கப்போகும் இரண்டு உயரமான ஆட்களிடம் இருக்கிறது.

முதலிடத்தைப் பற்றி முதலில். சீசனுக்கு முந்தைய பட்டியலில் பர்டூ முதலிடம் பிடிப்பது வரலாற்றிலேயே இதுதான் முதல் முறை. அடுத்து ஹூஸ்டன், ஃபிளோரிடா, யூகான், செயின்ட் ஜான்ஸ். கௌரவம்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்படி முதலிடத்தில் தொடங்கிக் கோப்பையிலும் முடித்த கடைசி அணி 2008-09 நார்த் கரோலினா. அதே நார்த் கரோலினா 2022-23-லும் முதலிடத்தில் தொடங்கியது. அந்த மார்ச்சில் 68 அணிகளில் ஒன்றாகக்கூட அதை அழைக்கவில்லை. போன வருடம் முதலிடத்தில் தொடங்கிய கன்சாஸ், மார்ச் போட்டியின் முதல் சுற்றிலேயே ஆர்கன்சாவிடம் தோற்று வெளியேறியது. பர்டூவுக்கும் இந்த இடம் ராசியானதில்லை. 2021 டிசம்பரில் வாராந்திரப் பட்டியலில் முதல் தடவையாக முதலிடத்துக்கு வந்தார்கள். அந்த வாரமே ரட்கர்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் கடைசி நொடியில் மைதானத்தின் நடுக்கோட்டருகிலிருந்து எறிந்த பந்து உள்ளே விழுந்தது. எங்கள் கொண்டாட்டம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

சரி, எதற்காக முதலிடம் கொடுத்தார்கள்? ஆட்களைத் தக்கவைத்துக்கொண்டதற்காக. இன்றைய கல்லூரிக் கூடைப்பந்தில் அது எவ்வளவு அபூர்வம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. 2021-லிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற பழைய தண்டனையும் போய்விட்டது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. விளைவு, ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறும் சந்தை திறக்கிறது, பாதி அணி கலைகிறது. பக்கத்து மாநிலத்து மிச்சிகனைப் பாருங்கள். இந்த வருடம் அவர்களின் முன்வரிசையே வெளியிலிருந்து வந்ததுதான்: யாக்செல் லெண்டபோர்க் யூஏபியிலிருந்து, அடாய் மாரா யூசிஎல்ஏவிலிருந்து, மோரெஸ் ஜான்சன் இல்லினாயிலிருந்து. அதைக் குறை சொல்லவில்லை, இன்று பெரும்பாலானவர்கள் அப்படித்தான் அணி கட்டுகிறார்கள்.

பர்டூவில் 2005-லிருந்து ஒரே பயிற்சியாளர், மேட் பெயின்ட்டர். அவரும் அதே கல்லூரியில் ஆடியவர். பிரேடன் ஸ்மித்தும் ஃபிளெட்சர் லோயரும் 2022-ல் அவரிடம் சேர்ந்தார்கள், இது நான்காவது வருடம். டிரே காஃப்மன்-ரென் அவர்களுக்கும் ஒரு வருடம் மூத்தவர். மூவருமே இந்தியானா மாநிலத்துப் பையன்கள். மூவருக்கும் வேறு இடத்தில் அதிகப் பணம் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன், ஆனாலும் போகவில்லை. ஒரே அடுப்படியில் பல வருடம் புழங்கிய மாமியார் மருமகள் மாதிரி, யார் எங்கே நிற்பார் என்று திரும்பிப் பார்க்காமலே அவர்களுக்குத் தெரியும். ஸ்மித் பந்தை விட்ட பிறகுதான் லோயர் மூலைக்கு ஓடி வருவதை நாம் கவனிப்போம்.

ஸ்மித்துக்கு உயரம் ஆறு அடிதான். போன சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 15.8 புள்ளி, 8.7 அசிஸ்ட் (கூட்டாளி கூடையில் போட வழிசெய்து கொடுக்கும் பந்து), பிக் டென் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. கல்லூரிக் கூடைப்பந்தில் ஒருவர் கொடுத்த மொத்த அசிஸ்ட்களின் சாதனை 1,076. டியூக்கின் பாபி ஹர்லி 1993-ல் முடித்து வைத்த கணக்கு அது. ஸ்மித் காயமில்லாமல் முழு சீசனும் ஆடி, இன்னும் 320-ஐ ஒட்டிக் கொடுத்தால் அதைத் தாண்டுவார். போன வருடமே 300-க்கு மேல் கொடுத்தவர், ஆகவே நடக்கும். காஃப்மன்-ரென் சராசரி 20 புள்ளி. லோயர் மூன்று புள்ளி வீச்சில் நூற்றுக்கு 45-க்கு மேல் உள்ளே போட்டவர். இந்த அணிக்குப் புள்ளி எடுக்கத் தெரியுமா என்பது கேள்வியே இல்லை.

பிரச்சினை மறுபக்கம்.

2024 வரை வளையத்தடியில் ஸேக் ஈடி இருந்தார். 7 அடி 4 அங்குலம், இரண்டு முறை நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். அவர் என்பிஏவுக்குப் போனதும், அவர் இடத்தில் நிற்க வேண்டிய டேனியல் ஜேக்கப்சன், இவரும் 7 அடி 4 அங்குலம்தான், சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் 6 அடி 9 அங்குல காஃப்மன்-ரென்னை சென்டராக, அதாவது வளையத்தடி ஆளாக, நிறுத்தினார்கள். புள்ளி எடுப்பதில் அவர் ராஜாதான். ஆனால் பிறர் எடுப்பதைத் தடுக்க அந்த உயரமும் அந்தக் குதியும் போதவில்லை. எதிரணிக்காரர்கள் பந்தைத் தட்டிக்கொண்டே நேராக உள்ளே புகுந்து போட்டுவிட்டுப் போனார்கள். வெளியே விழும் பந்தையும் அவர்களே எடுத்து இரண்டாம் தடவை போட்டார்கள். பிப்ரவரியில் மிச்சிகன், விஸ்கான்சின், மிச்சிகன் ஸ்டேட், இந்தியானா என்று வரிசையாக நான்கு தோல்வி. கடைசிக் கணக்கு 24 வெற்றி, 12 தோல்வி.

அதன் உச்சம் மார்ச்சில், 16 அணிகள் மிஞ்சிய சுற்றில் வந்தது. இந்தியானாபொலிஸ் நகரின் லூக்காஸ் ஆயில் அரங்கில் ஹூஸ்டனோடு ஆட்டம். வளாகத்திலிருந்து 100 கிலோமீட்டர் சொச்சம்தான், அரங்கு முழுக்க எங்கள் ஆட்கள். 60-60 சமநிலை. கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போட்ட ஹூஸ்டனின் மைலோஸ் யூசானை ஒரு கணம் எல்லோரும் மறந்தார்கள். கொடுத்த பந்து அவருக்கே திரும்பி வந்தது, சும்மா நடந்து போய் வளையத்தில் வைத்துவிட்டார். 0.9 நொடி மிச்சம், 62-60. அந்த நேரத்தில் வளையத்தடியில் ஒரு நெட்டையான ஆள் நின்றிருந்தால் என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதற்குத்தான் பெயின்ட்டர் கோடையில் சந்தைக்குப் போனார். அவர் வழக்கமாக அதிகம் போகாத இடம். அங்கிருந்து கொண்டுவந்தவர் ஆஸ்கர் கிளஃப், ஆஸ்திரேலியர், 6 அடி 11 அங்குலம், சரியான பாரம். சவுத் டகோட்டா ஸ்டேட்டில் போன வருடம் ஆட்டத்துக்கு 12-க்கு மேல் ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்தவர், நாட்டிலேயே மேல்வரிசை. லீக் சின்னது என்பார்கள், சரிதான். ஆனால் கூடைப்பந்தில் கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்குப் போகும்போது மற்றத் திறமைகள் தேய்ந்தாலும் ரீபவுண்ட் எடுக்கும் பழக்கம் பெரும்பாலும் கூடவே வரும். புள்ளி பாதியாகலாம், அந்தக் கை நீளாமல் இருக்காது. அவர் வந்தால் காஃப்மன்-ரென் சென்டருக்குத் துணையாக நிற்கும் தன் பழைய பவர் ஃபார்வர்டு இடத்துக்குத் திரும்பலாம். ஈடி பக்கத்தில் நின்று 2024-ல் இறுதியாட்டம் வரை போனது அந்த இடத்திலிருந்துதான்.

கூடவே ஜேக்கப்சன் எழுந்து வந்துவிட்டார். இந்தக் கோடையில் சுவிட்சர்லாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். இவர்தான் எனக்குப் பெரிய ஆவல். ஒல்லி, இன்னும் சதை பிடிக்க வேண்டும், பிக் டென் முரடர்கள் இடித்துத் தள்ளுவார்கள். ஆனால் ஆட்டத்துக்கு 15 நிமிடம் வளையத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாலே போதும், உள்ளே புகுவதற்கு எதிரணி ஒருமுறை யோசிக்கும்.

இன்னொரு புதுவரவு ஓமர் மேயர், இஸ்ரேலியப் பையன், மக்காபி டெல் அவிவில் பெரியவர்களோடு ஆடிப் பழகியவர். போன வருடம் எதிரணிகள் ஸ்மித் மேல் இரண்டு பேரை ஏவிப் பந்தைப் பிடுங்கப் பார்த்தன. அவரும் பிப்ரவரிக்குள் களைத்துப்போனார். பந்தை முன்னே கொண்டுபோக இன்னொரு நம்பகமான கை இருந்தால் ஸ்மித்துக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

கோப்பை ஏன் பத்துக்கு ஒன்றுதான் என்றால், எங்கள் சரித்திரம் அப்படி. பிக் டென் பட்டங்களை எங்களைவிட அதிகம் வென்ற அணி இல்லை. ஆனால் தேசியப் போட்டி தொடங்கிய 1939-லிருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. 1969-ல் இறுதியாட்டத்தில் யூசிஎல்ஏவிடம் தோற்றோம். எதிர்ப்பக்கம் பயிற்சியாளராக நின்றவர் ஜான் வுடன், எங்கள் கல்லூரியின் பழைய நட்சத்திரம்! 2019-ல் கார்சன் எட்வர்ட்ஸ் தனி ஆளாக 42 புள்ளி எடுத்தும் வர்ஜீனியாவிடம் கூடுதல் நேரத்தில் போனது. 2023-ல் முதல் நிலை அணியாக இறங்கி, பதினாறாம் நிலை, அதாவது பிரிவின் கடைசி நிலை, ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்றோம். அதைப் பற்றி மேலே எழுத மனமில்லை. 2024 இறுதியில் யூகான் செய்தது வேறு ரகம். ஈடிக்கு 37 புள்ளி கொடுத்துவிட்டு மற்ற எல்லோரையும் கட்டிப்போட்டார்கள். பர்டூ மொத்தமே ஏழு மூன்று புள்ளி வீச்சுதான் எறிய முடிந்தது, விழுந்தது ஒன்று.

எனக்கு மிஞ்சியிருக்கும் சந்தேகம் அங்கேதான். ஹூஸ்டன், யூகான் மாதிரி உடல்பலத்தோடு காவல் காக்கும் அணிகளுக்கு முன்னால் ஸ்மித்-லோயர் ஜோடி இன்னும் சின்னதுதான். பந்தைத் தட்டிக்கொண்டு வரும் வேகமான கார்டுகளை வெளியிலேயே நிறுத்த அவர்களால் முடியாது, பின்னால் நிற்பவர்தான் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்ப கிளஃப், ஜேக்கப்சன் என்கிறேன். அவர்களும் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறாமல் அடங்கி ஆட வேண்டும்.

லீக்கில் மிச்சிகன்தான் பெரிய எதிரி, யூசிஎல்ஏ அடுத்து. 18 அணிகள், 20 ஆட்டங்கள், நாலைந்து தோல்வி வந்தாலும் பதற வேண்டாம். 2026-ல் கடைசி நால்வர் மோதப்போவது அதே லூக்காஸ் ஆயில் அரங்கில்தான், ஏப்ரல் 4-லும் 6-லும். அதுவரை போனால் கிட்டத்தட்ட சொந்த ஊர் ஆட்டம்.

நீங்கள் ஊரிலிருந்து பார்ப்பவர் என்றால் விடிகாலை எழ வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பர் 6-ல் மேக்கியில் அயோவா ஸ்டேட்டோடு நடக்கும் ஆட்டம் பார்க்க வேண்டியது, டிசம்பர் 20-ல் இந்தியானாபொலிஸில் ஆபர்னோடு நடப்பதும். அவற்றுக்கெல்லாம் முன்னால் நவம்பர் 13-ல் அலபாமாவை அவர்கள் ஊரிலேயே சந்திக்கிறார்கள். ஒன்று மூன்று புள்ளி, இல்லையென்றால் நேராக வளையத்தடி என்று ஓடிக்கொண்டே இருக்கும் அணி அது. அன்றைய ஆட்டக் கணக்கைத் திறந்தால் கிளஃபும் ஜேக்கப்சனும் எத்தனை நிமிடம் களத்தில் நின்றார்கள், எத்தனை ஃபவுல் வாங்கினார்கள் என்பதை முதலில் பாருங்கள், ஸ்மித்தின் புள்ளியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.