பயாப்சி எடுக்காமலே லிவர் கேன்சர் என்று சொல்லலாமா?

உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே சிரோசிஸ் (லிவர் தழும்பேறிப் போன நிலை) இருக்கிறது, இப்போது சி.டி. ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு லிவரில் கேன்சர் என்கிறார்கள், பயாப்சி (சதையை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்காமலே 'டேஸ்' (கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைக்கும் சிகிச்சை) செய்யச் சொல்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேனில் அடையாளம் தெளிவாக இருந்தால் நம்பலாம். சிரோசிஸ் இருப்பதால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. "கூகுளைப் பார்த்து வைத்தியம் சொல்ல வந்துட்டான்" என்று கீழே எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். என் அம்மாவுக்கு நடந்ததை, கூடவே நின்று கேட்டதை எழுதுகிறேன். மருந்து எதையும் நான் சிபாரிசு செய்யவில்லை.

எங்களுக்கு முக்கூடல் பக்கம். அம்மா விவரம் தெரிந்த நாளிலிருந்து மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியவள். பாளையங்கோட்டையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் கேன்சர் என்றதும் என் பெரிய மாமா எழுந்துவிட்டார். "சதைய எடுத்துப் பாக்காம எப்படி சார் சொல்லுதிய?" டாக்டர் கோபப்படவில்லை. "இங்க வாங்கய்யா" என்று கம்ப்யூட்டர் பக்கத்தில் அவரை உட்கார வைத்தார்.

ரத்தம் ஓடுவதைப் படத்தில் காட்டும் மருந்தைக் கையில் ஏற்றிய அரை நிமிடத்தில் எடுத்த முதல் படத்தில் லிவர் முழுக்க மங்கலாக இருந்தது, கட்டி மட்டும் பளிச்சென்று வெள்ளையாக. சில நிமிடம் கழித்து எடுத்த படத்தில் அப்படியே தலைகீழ். லிவர் வெளுத்திருந்தது, கட்டி கறுத்துக் கிடந்தது. டாக்டர் மவுஸை உருட்ட உருட்ட அது வெளுப்பதும் கறுப்பதுமாக மாறியது. மாமா அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் இதுதான். லிவருக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது. நல்ல லிவருக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் வெயின் என்ற ரத்தக்குழாய் வழியாக. இந்தக் கட்டியோ பெரும்பாலும் ஹெப்பாட்டிக் ஆர்ட்டரி என்ற இன்னொரு ரத்தக்குழாயைப் பிடித்து வளர்கிறது. அதனால் மருந்து ஆர்ட்டரியில் ஓடும்போது கட்டி முந்திக்கொண்டு வெளுக்கிறது, லிவர் வெளுக்கும் நேரத்தில் கறுத்துவிடுகிறது. சிரோசிஸோ நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பியோ உள்ளவருக்கு, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியில் இந்த அடையாளம் தெளிவாக இருந்தால், உலகம் முழுக்கவே பயாப்சி இல்லாமல் முடிவு செய்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'லை-ராட்ஸ் 5' என்று இருக்கிறதா பாருங்கள். ஸ்கேனை வைத்து லிவர் கேன்சர் என்பது எவ்வளவு உறுதி என்று போடும் எண் அது, 5 என்றால் கிட்டத்தட்ட நிச்சயம். அதற்குக் கீழே 4, 3 என்று இருந்தால் பயாப்சியைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. பயாப்சிக்காக ஊசியைக் குத்தினால் ரத்தக் கசிவு வரலாம், அபூர்வமாக ஊசி போன வழியில் கேன்சர் பரவலாம். தேவையில்லாமல் எடுக்காததற்கு அதுதான் காரணம், அலட்சியம் இல்லை.

டேஸும் இதே கணக்குதான். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் ஆர்ட்டரியில் கீமோ மருந்தைக் கொடுத்து அடைத்துவிடுகிறார்கள். மற்ற லிவர் போர்ட்டல் வெயினை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். ஆகையால் "போர்ட்டல் வெயினில் அடைப்பு இருக்கிறதா?" என்று அவசியம் கேளுங்கள். மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் மைக்ரோவேவ் வைத்துச் சுட முடியுமா என்றும் கேளுங்கள். பிலிமோடு ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கையோடு வாங்கிவிடுங்கள், இரண்டாவது டாக்டரிடம் காட்ட அதுதான் உதவும்.

அம்மாவுக்கு மதுரையில் டேஸ் செய்தார்கள். அப்புறம் சில நாள் காய்ச்சலும் வலியும் இருந்தன. பின்னால் புதிதாகக் கட்டிகள் வந்தபோது அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற ஊசிகளுக்கு மாற்றினார்கள். 2020இல் அங்கீகாரம் பெற்ற கூட்டு மருந்து அது. அதற்கு முன் பத்து வருஷத்துக்கும் மேலாக சொராஃபெனிப் மாத்திரைதான் முதல் மருந்து. இந்த ஊசிக்கு முன்னால் எண்டோஸ்கோப்பி பார்த்தாக வேண்டும், உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருந்தால் ரத்தம் கொட்டலாம். அம்மா இன்றும் இருக்கிறாள், அந்த ஊசியில்தான்.

மனசு விட்டுப் போனது சொந்தக்காரர்களால்தான். "பொம்பளைக்கு எப்படி லிவர் போச்சு?" என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று கேட்டார்கள். காபிக்குக்கூட ஆசைப்படாதவளைப் பார்த்து! அவளுக்கு இருந்தது ஹெபடைட்டிஸ் பி. இன்னொருத்தர் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தால் போதும் என்றார். காமாலையும் கட்டியும் ஒன்றா?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் விலக்கில் பாதி பஸ் நிற்பதில்லை. ஊசி போட்டுத் திரும்பும் அம்மாவைக் காட்டிக் கேட்டும், "இங்க ஸ்டாப்பிங் கிடையாது" என்று அடுத்த ஊரில் கொண்டுபோய் இறக்கினார் ஒரு கண்டக்டர். உச்சி வெயிலில் ஆட்டோவுக்காக நின்றோம். ஒரு நிமிஷம் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குச் சிரோசிஸ் எதனால் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஹெபடைட்டிஸ் பி என்றால் வீட்டில் எல்லோரும் ஹெச்.பி.எஸ்.ஏஜி ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் தம்பிக்கு பாசிட்டிவ் என்று அப்படித்தான் தெரிந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்க்கிறோம்.